ஒரு கிலோமீட்டர் அயல்நாடு

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிராஞ்சி ரயில் நிலைய வாசலில் 170ஆம் எண் பேருந்தில் ஏறுகிறவர்கள், இருக்கை காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. கதவோரம் நிற்கத்தான் போட்டி. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கதவு திறந்ததும் மொத்த வண்டியும் இறங்கி ஓடுகிறது. சீருடை மாற்றாத தாதியர், தோளில் பை தொங்கும் கிடங்குத் தொழிலாளர்கள், ஒரு கையில் கைபேசியும் மறுகையில் சாப்பாட்டுப் பொட்டலமுமாகக் கணக்கர்கள். தானியங்கிக் கதவைக் கடந்து, படியிறங்கி, வந்து நிற்கிற அடுத்த 170இல் ஏறி, பாலத்தைத் தாண்டி, ஜோகூர் பாருவில் மறுபடி இறங்கி, மறுபடி ஓடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நிதானமாக நடப்பவரைக் கண்டால் சுற்றுலாவுக்கு வந்தவர் என்று சொல்லிவிடலாம்.

ஓடுகிறவர்கள் ஒரு நாட்டில் வேலை பார்த்து இன்னொரு நாட்டில் தூங்குகிறவர்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது 1,056 மீட்டர் நீளமுள்ள கடற்பாலம். தூண்கள் மேல் நிற்கிற பாலம்கூட இல்லை. புலாவ் உபினிலும் புக்கித் தீமாவிலும் உடைத்த கருங்கல்லைக் கடலில் கொட்டி மேடாக்கிய பாதை. 1923இல் அதன்மேல் முதல் ரயில் ஓடியது. 1924 ஜூனில் முறைப்படி திறந்து வைத்தார்கள். நூறு வயது தாண்டிவிட்ட அந்தக் கல்மேட்டின் மேல் இன்று நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர் போய்வருகிறார்கள். உலகின் நெரிசல் மிகுந்த தரைவழி எல்லைகளில் இதுவும் ஒன்று.

அதிகாலை நாலரைக்கு எதிர்த்திசையில் இதே பாதையைப் பார்க்க வேண்டும். மலேசியப் பதிவெண் கொண்ட மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று உரசாமல் நகரும். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஜாக்கெட்டை முன்பின் மாற்றி அணிந்திருப்பார்கள். திறப்பு முதுகுப் பக்கம் போய்விட்டால் எதிர்க்காற்றும் தூறலும் நெஞ்சில் அடிக்காது. அந்த மாற்றி அணிந்த ஜாக்கெட்டுக்குள் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. சிங்கப்பூரில் வாங்குகிற சம்பளத்தை ஜோகூரில் செலவழித்தால் மூன்று மடங்கு அளவுக்குப் பெருகுகிறது என்ற ஒரே கணக்குதான் அவர்களை அந்த நேரத்துக்கு எழுப்புகிறது.

அந்தக் கணக்கு பழங்காலத்தது இல்லை. 1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றத்தக்கவையாக இருந்தன.

அதற்கும் முன்னால் போனால் எல்லையே இல்லை. சிங்கப்பூர் ஜோகூர் சுல்தானகத்தின் ஒரு தீவு. 1819இல் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் அங்கே காலூன்றியது, ஹுசைன் ஷாவை ஜோகூர் சுல்தானாக அங்கீகரித்து அவரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில்தான். 1824இல் லண்டனில் உட்கார்ந்து பிரிட்டிஷாரும் டச்சுக்காரரும் கடலைப் பங்கு போட்டார்கள். ரியாவ் தீவுகள் டச்சுக்காரர் பக்கம் போயின, ஜோகூரும் சிங்கப்பூரும் பிரிட்டிஷார் பக்கம் வந்தன. ஒரே அரச குடும்பம், ஒரே மொழி பேசிய மீனவர்கள், ஒரே பருவக்காற்றில் பாய்மரம் விரித்த வணிகர்கள் இரண்டு பேரரசுகளுக்குள் போனார்கள். இன்றைய ஜோகூர் அரச மரபின் மூதாதையரான, தெமெங்கோங் பட்டம் தாங்கிய குடும்பம் பல காலம் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்துதான் ஜோகூரை ஆண்டது. 1855இல் நீரிணையின் வடகரையில் அவர்கள் தொடங்கிய குடியிருப்பே ஜோகூர் பாரு.

கடற்பாலம் ஒருமுறை உடைந்திருக்கிறது. 1942 ஜனவரி 31 அன்று, மலாயாவிலிருந்து பின்வாங்கிய கடைசிப் படைவீரர்கள் தீவுக்குள் வந்து சேர்ந்ததும் பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தச் சத்தம் தீவு முழுக்கக் கேட்டது. ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, சிங்கப்பூரின் முதல் பிரதமராகப்போகிற லீ குவான் இயூ, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் அத்தோடு முடிந்தது என்று அப்போதே சொன்னதாகப் பின்னாளில் எழுதினார். ஒரு வாரம் கழித்து ஜப்பானியர் படகில் நீரிணையைக் கடந்தார்கள்; உடைப்பையும் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள்.

அரசியல் உடைப்பு அப்படி அடைபடவில்லை. 1963 செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. மலாய்க்காரருக்குத் தனியுரிமையா, எல்லா இனத்தாருக்கும் சமவுரிமையா என்ற சண்டையில் இரண்டு ஆண்டுகூட முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று கோலாலம்பூர் நாடாளுமன்றம் 126 வாக்குகளுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் சிங்கப்பூரை வெளியே அனுப்பியது. தொலைக்காட்சியில் லீ குவான் இயூ கண்கலங்கினார். விடுதலை கேட்டுப் போராடாமலேயே, வெளியே போ என்று சொல்லப்பட்டு ஒரு நாடு பிறந்தது.

பிறந்துவிட்டதே தவிர, மறுநாள் காலை கடற்பாலத்தில் எதுவும் மாறவில்லை. அதே ரயில், அதே காசு, இரு கரையிலும் சித்தப்பா, அத்தை வீடுகள். இவ்வளவு நெருக்கமானவர்களை இரண்டு தேசமாக்குவதற்கு ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. 1967இல் பாஸ்போர்ட் சோதனை வந்தது. அதே ஆண்டு நாணயம் தனியானது. 1973இல் அதன் சமமதிப்பும் போனது. 1972இல் கூட்டு விமான நிறுவனம் உடைந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் மலேசிய ஏர்லைன்ஸும் பிறந்தன. காற்பந்து மட்டும் ரொம்ப நாள் தாங்கியது. மலேசியக் கிண்ணத்தில் சிங்கப்பூர் 1994 வரை ஆடியது. அந்த ஆண்டு ஃபாண்டி அகமது தலைமையில் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றுவிட்டு விலகிக்கொண்டது. மலேசிய அரங்குகளில் தன் நாட்டுக் கொடியோடு போய்க் கத்தித் தீர்த்த அந்த ரசிகர் கூட்டம்தான் சிங்கப்பூரர் என்ற உணர்வை முதன்முதலில் உரக்கச் சொன்னது என்று ஐம்பது வயது தாண்டிய சிங்கப்பூரர்கள் இன்றும் வாதாடுவார்கள்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது ரயில். சிங்கப்பூர் தனிநாடான பின்னும் அதன் நடுவே ஓடிய தண்டவாளமும் அதன் நிலமும் தஞ்சோங் பகார் நிலையமும் மலேசிய ரயில்வேயிடமே இருந்தன. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா தஞ்சோங் பகாரை விட்டு நகர மறுத்தது. ஆகவே வடக்கே போகிற பயணி நகர மையத்தில் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, அரைமணி நேரத்துக்கும் மேல் ரயிலில் போனபிறகு சிங்கப்பூரைவிட்டு வெளியேறினார். பதின்மூன்று ஆண்டு இந்தக் கூத்து நடந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராகிமே ஓட்டிச் சென்றார். இன்று அந்தத் தடம் 24 கிலோமீட்டர் நடைபாதைப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் விடுகிற குழந்தைகளுக்கு அது ஒருகாலத்தில் பக்கத்து நாட்டு நிலம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

பிரிக்க முடியாமல் போனவையும் உண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்கக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தது. சிங்கப்பூரும் அதே நாள் தள்ளிவைத்துக்கொண்டது. சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிற தீவாக அது இருப்பதற்குக் காரணம் அண்டை வீடு.

ஜோகூர் பாருவில் குடிநுழைவுக் கட்டடத்திலிருந்து மேம்பாலம் வழியாக ரயில் நிலையத்தைக் கடந்து இறங்கினால் சில நிமிட நடையில் ஜாலான் உங்கு புவான். மல்லிகையும் சாமந்தியும் தொங்கும் பூக்கடை, பித்தளைச் சாமான், சேலைக்கடை, பணமாற்றுக் கடை, அதற்கு நடுவே ராஜமாரியம்மன் கோயில் கோபுரம். பக்கத்து ஜாலான் துருஸில் சீக்கியர் குருத்வாராவும், ஹொக்கியன், டியோசூ, கன்டோனீஸ், ஹக்கா, ஹைனான் என்று ஐந்து வட்டாரச் சீனர்கள் சேர்ந்து பேணும் பழைய சீனக் கோயிலும் இருக்கின்றன. மிளகும் காசுக்கட்டியும் பயிரிட டியோசூ சீனர் வந்தார்கள். ரப்பர் மரம் சீவவும் தண்டவாளம் போடவும் தமிழர் வந்தார்கள். ஜாவாக்காரரும் புகிஸ்காரரும் கடல்வழியே வந்தார்கள். குடியேறி வந்தவர்களை எடுத்துவிட்டால் இந்த ஊரில் தெருவே மிஞ்சாது. தெபராவ் சாலைப் பக்கம் இருக்கும் ராஜகாளியம்மன் கோயிலும் 1922இல் சின்னக் கொட்டகையாக இருந்ததுதான். இன்று சுவர், தூண், கூரை எல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்து, உள்ளே நுழைகிறவரின் முகம் ஆயிரமாகச் சிதறி மின்னுகிறது. சிங்கப்பூரிலிருந்து பேருந்து பிடித்து வருகிற குடும்பங்கள் அங்கே படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.

ஒரே கப்பலில் வந்த இரண்டு சகோதரர்களில் ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் ஜோகூரிலும் இறங்கியிருந்தால் பேரப்பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்பதற்கு இங்கே நிறையச் சான்று. ஜோகூர்ப் பேத்தி தமிழ்ப்பள்ளியில் கணிதத்தையும் தமிழிலேயே தொடங்கியிருப்பாள்; மலேசியாவில் அரசு உதவியோடு 500க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் நடக்கின்றன. சிங்கப்பூர்ப் பேத்தி தமிழைத் தாய்மொழிப் பாடமாக மட்டும் படித்திருப்பாள். தீவின் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஆனால் சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி நான்கில் ஒன்று. வெள்ளி நோட்டிலும் ரயில் அறிவிப்பிலும் இருக்கிறது. மலேசியாவில் பள்ளி இருக்கிறது, அந்தத் தகுதி இல்லை. தைப்பூசத்துக்கு ஜோகூரில் விடுமுறை. சிங்கப்பூரோ 1968இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசத்தை எடுத்துவிட்டது; காவடி எடுப்பவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடையாள அட்டைக்கும் வண்ணம் உண்டு. மலேசியாவில் நீல அட்டை வைத்திருந்தால் குடிமகன். சிவப்பு என்றால் நிரந்தரவாசி. தோட்டப்புறத்தில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் சரியாக இல்லாத ஒரே காரணத்தால் தலைநரைக்கும்வரை சிவப்பு அட்டையோடு அலைந்த தமிழர்கள் பலர். சிங்கப்பூரில் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, நீலம் நிரந்தரவாசிக்கு. கடற்பாலத்தின் வடமுனையில் உள்ளூர்க்காரர் என்று காட்டுகிற நிறம், தென்முனையில் வெளியூர்க்காரர் என்று காட்டுகிறது.

இரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் உறுதிமொழி சொல்லித்தான் வளர்கிறார்கள். மலேசியாவின் ருக்குன் நெகாரா, 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு 1970இல் வந்தது. சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழி 1966இல் எழுதப்பட்டது. இனம், மொழி, மதம் பாராமல் ஒரே மக்கள் என்று தினமும் சொல்லவைக்கும் அந்த வாசகத்தை முதலில் எழுதிய எஸ். ராஜரத்தினம் பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில். வளர்ந்தது மலாயாவின் சிரம்பானில். சிங்கப்பூரின் பொருளாதாரத்தை வகுத்த கோ கெங் சுவீ பிறந்தது மலாக்காவில். தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த சுபிர் சைட் சுமாத்ராவிலிருந்து வந்தவர். மறுபக்கம், மலேசியாவை அதிக காலம் ஆண்ட மகாதீர் மருத்துவம் படித்ததும் தன் மனைவியாகப்போகிறவரைச் சந்தித்ததும் சிங்கப்பூரில். தேசியப் பெருமைக்கு உரியவர்களின் பிறப்பிடத்தை மட்டும் வைத்து எல்லை போட்டால் கோடு குறுக்கும் நெடுக்குமாகப் போகும்.

மலாய்த் திரையின் பெருங்கலைஞர் பி. ரம்லி பினாங்கில் பிறந்தவர். அவரை நட்சத்திரமாக்கியது சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக்கூடம். அங்கே பணம் போட்டது ஷாங்காயிலிருந்து வந்த ஷா சகோதரர்கள். அவர் முதன்முதலில் கதாநாயகனாக நடித்த, 1950இல் வந்த பக்தி படத்தை இயக்கியவர் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். ரம்லி 1964இல் கோலாலம்பூருக்கு இடம் மாறினார். இப்போது இரண்டு நாடும் அவரைத் தங்கள் கலைஞர் என்கின்றன. இரண்டு சொல்வதும் உண்மை.

சாப்பாட்டில்தான் சண்டை சூடாகும். நாசி லெமாக், லக்சா, கோழிச்சோறு இவற்றில் எது யாருடையது என்ற வழக்குக்கு இதுவரை தீர்ப்பு இல்லை. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது மலேசியச் சமூக ஊடகங்கள் கொதித்தன. அந்த அனுபவத்துக்குப் பின் வந்த கெபாயா விண்ணப்பத்தில் புத்தி வந்திருந்தது. புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து மனுப் போட்டன. 2024 டிசம்பரில் அந்தப் பெண்கள் மேலாடை ஐந்து நாட்டுக்கும் பொதுச்சொத்தாகப் பட்டியலேறியது.

மதியம் வோங் ஆ ஃபூக் சாலையில் மீன்தலைக் கறிக்குப் பேர்போன சீனக் கடைமுன் வரிசை நிற்கிறது. சிங்கப்பூர் ஆங்கிலம் காதில் விழுகிறது. மண்சட்டியில் கொதித்தபடி வரும் குழம்பில் பொரித்த தோபுத்தோல், வெண்டைக்காய், கைப்பிடிக் கறிவேப்பிலை. இந்தக் கறியின் பூர்வீகத்தைத் தேடினால், கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1940களின் இறுதியில் சிங்கப்பூரில், மீன்தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காகச் செய்து கொடுத்தது என்கிறார்கள். மலையாளி வைத்த மசாலாவில் சீனர் விரும்பிய மீன்தலை, இன்று மலேசியச் சீனர் கடையில், அதைத் தேடி எல்லை தாண்டி வரும் சிங்கப்பூரரின் தட்டில். சாலையின் பெயருக்குரிய வோங் ஆ ஃபூக்கும் தென்சீனத்திலிருந்து வந்து சுல்தானுக்கு அரண்மனை கட்டிக்கொடுத்த தச்சர்தான்.

வந்து குடியேறியவர்களால் ஆன இரண்டு நாடுகளுக்கும் இப்போது வருகிறவர்களைப் பற்றிக் கவலை. 2024 நடுவில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 60 லட்சத்து 40 ஆயிரம். அதில் 18 லட்சத்து 60 ஆயிரம் பேர் குடிமக்களும் இல்லை, நிரந்தரவாசிகளும் இல்லை. 2013இல் அரசு, 2030க்குள் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்று ஒரு வெள்ளை அறிக்கையில் சொன்னபோது, கூட்டம் கூடிப் பழகாத அந்த ஊரில் ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். ரயில் நெரிசல், வீட்டு விலை, வேலைப்போட்டி எல்லாவற்றுக்கும் வெளிநாட்டவரைக் கைகாட்டிய அந்தக் கோபத்தில் மலேசியர் பெயர் அதிகம் அடிபடவில்லை. சட்டமே அவர்களைத் தனியாக வைத்திருக்கிறது. தொழிலாளர் அனுமதிச்சீட்டில் தமிழ்நாட்டிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ ஒருவரை வேலைக்கு எடுத்தால் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்ட வேண்டும்; மலேசியர் என்றால் அது இல்லை. கட்டுமானம், கப்பல் பட்டறை என்று துறைவாரிக் கட்டுப்பாடும் அவர்களுக்குக் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் அந்நியர்தான், ஆனால் கொஞ்சம் குறைந்த அந்நியர்.

குறைந்த அந்நியராகவே ஒருவர் முப்பது ஆண்டு வாழ்ந்துவிட முடிகிறது. இரண்டு நாடும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சிங்கப்பூர்க் குடிமகனாக வேண்டுமென்றால் மலேசியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக்கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஊரில் அப்பா கட்டிய வீடு, முதுமையில் திரும்பிவரும் வழி எல்லாம் சிக்கலாகும். கொடுக்காமல் நிரந்தரவாசியாகவே இருந்தால் அங்கே வளர்ந்த மகன் பதினெட்டு வயதில் இரண்டாண்டு தேசியச் சேவைக்குப் போக வேண்டும். தான் குடிமகனாக இல்லாத நாட்டுக்காகத் துப்பாக்கி பிடிப்பான். வெளிநாட்டில் வாழும் மலேசியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிங்கப்பூரில்தான் இருக்கிறார்கள் என்று 2011இல் உலக வங்கி கணக்குச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் கணிசமானவர்களின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும்.

பெண்களுக்கு இன்னொரு முடிச்சு. சிங்கப்பூரரை மணந்த மலேசியப் பெண் சிங்கப்பூர் மருத்துவமனையில் பிள்ளை பெற்றால், பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை நெடுங்காலம் தானாகக் கிடைத்ததில்லை. அப்பா மலேசியராக இருந்திருந்தால் கிடைக்கும். அதனால் நிறைமாத வயிற்றோடு நெரிசலைத் தாண்டி, பிரசவத்துக்கு இக்கரைக்கு வந்தவர்கள் உண்டு. பல ஆண்டு வழக்குக்கும் போராட்டத்துக்கும் பிறகு 2024 அக்டோபரில் மலேசிய மக்களவை, தாய்க்கும் அந்த உரிமையைக் கொடுக்கும் அரசியல் சாசனத் திருத்தத்தை நிறைவேற்றியது.

எல்லை என்பது பாஸ்போர்ட்டில் விழும் முத்திரைதான் என்று இருந்தவர்களுக்கு 2020 மார்ச் 18 வேறு பாடம் நடத்தியது. நோய்த்தொற்றுக்காக மலேசியா நடமாட்டத்தை முடக்குவதாக இரண்டு நாள் முன்பு இரவில் அறிவிப்பு வந்தது. வேலையா, வீடா என்று அந்த இடைவெளியில் முடிவெடுக்க வேண்டும். துணிமணியைத் திணித்த பையோடு மக்கள் சாரிசாரியாகச் சிங்கப்பூர் பக்கம் போனார்கள். இடம் கிடைக்காத முதல் சில இரவுகளில் கிராஞ்சி நிலைய வாசலில் அட்டை விரித்துப் படுத்தவர்கள் இருந்தார்கள். ஒருசில வாரம் என்று நினைத்துப் போனவர்களில் பலர் குழந்தையின் முதல் நடையையும் பெற்றோரின் இறுதிச் சடங்கையும் கைபேசித் திரையில் பார்த்தார்கள். நீரிணைக்கு அப்பால் வீட்டு மாடி கண்ணுக்குத் தெரிந்தது; போக வழி இல்லை. 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்காகப் பேருந்து ஓடத் தொடங்கியபோது ஜோகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்தில் கட்டிப்பிடித்து அழாதவர் குறைவு. 2022 ஏப்ரல் 1 நள்ளிரவில் சாலை முழுதாகத் திறந்ததும் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு கடந்தார்கள்.

அந்த இரண்டு ஆண்டிலும் தடைபடாமல் ஓடியது தண்ணீர். பாலத்தோடு சேர்ந்து போகும் பருத்த குழாய்களைப் பேருந்து சன்னலிலிருந்தே பார்க்கலாம். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு விலை 3 சென். சுத்திகரித்ததில் ஒரு பங்கை ஜோகூர் ஆயிரம் கேலன் 50 சென்னுக்குத் திரும்ப வாங்குகிறது. விலை அநியாயம் என்று மலேசியா சொல்வதும், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று சிங்கப்பூர் சொல்வதும் பல பிரதமர்களைக் கண்ட வாக்குவாதம். ஒப்பந்தம் 2061 வரை இருக்கிறது. பெட்ரோல் எதிர்த்திசையில் பிரச்சினை. சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது டாங்க் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. இல்லாவிட்டால் எல்லாரும் அக்கரை போய் நிரப்பிவிடுவார்கள். மானிய விலை ரான் 95ஐ வெளிநாட்டு வண்டிக்குப் போடக்கூடாது என்பது 2010 முதல் மலேசிய விதி. இரண்டையும் மீறி, காரை ஆட்டி ஆட்டி டாங்கில் கடைசிச் சொட்டுவரை இறக்குகிற சிங்கப்பூரரின் காணொளி அவ்வப்போது வெளியாகும். மலேசியர்கள் திட்டிக்கொண்டே பகிர்வார்கள்.

பாதையையே மாற்றவும் முயன்றிருக்கிறார்கள். மகாதீர் காலத்தில் மலேசியா தன் பாதிக்கு மட்டும் வளைந்த பாலம் கட்டப் போவதாகக் கிளம்பியது. சிங்கப்பூர் தன் பாதியை இடிக்க ஒப்பாததால், நடுவில் வந்து பழைய மேட்டோடு கோணலாக ஒட்டும் திட்டம். 2006இல் அடுத்த பிரதமர் அப்துல்லா படாவி அதைக் கைவிட்டார். இப்போது நீரிணையின் மேல் உயரப் போகும் விரைவு ரயில் பாதையை இரு நாடும் சேர்ந்தே கட்டுகின்றன. புக்கித் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை. 2026 முடிவை ஒட்டி ஓடவைப்பது திட்டம். ஏறுகிற இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும், இறங்கியபின் ஓட வேண்டாம். 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கும் கையெழுத்தானது. அதே மாதம் ஜோகூர் தன் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டது. பிரிப்பதற்கு முப்பது ஆண்டு உழைத்த இரண்டு அரசாங்கங்களும் இப்போது ஒட்டுவதற்கு அதே அளவு கோப்பு புரட்டுகின்றன.

புக்கித் சாகார் கட்டுமானத்துக்கு எதிரே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில், முன்பின் மாற்றிய ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு ஒருவர் தே தாரேக் ஆற்றிக்கொண்டிருந்தார். குலாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லோயாங்கில் ஒரு கிடங்கில் வேலை. ரயில் வந்துவிட்டால் நிம்மதிதானே என்று பக்கத்து மேசைப் பெரியவர் கேட்டார்.

“நல்லதுதான் ஐயா. ஆனா ரயிலு உட்லண்ட்ஸ்ல விட்டுட்டுப் போயிடும். அங்கேருந்து லோயாங் போய்ச்சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும்லா. எனக்கு ஏழு மணிக்கு ஷிஃப்ட். நமக்கு மோட்டாருதான்” என்றார் அவர். பிறகு நேரத்தைப் பார்த்து, மீதித் தேநீரைப் பையில் கட்டித் தரச் சொன்னார்.